பாய்மர யாட்டில் தங்கிப் படிக்கப் போகிறீர்களா? களியக்காவிளைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

யாட் என்ற பெரிய பாய்ப்படகில் தங்கிப் படிக்கும் படிப்பு என்றால் ஐந்து நாளும் படகிலேயேதான். பகலில் கடலில் சுற்றிவிட்டு ராத்திரி லாட்ஜில் போய்ப் படுக்கிற கதை இல்லை. சாப்பாடு, தூக்கம், கக்கூஸ், பாடம் எல்லாமே பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குள். முன்பின் தெரியாத நாலு பேர், ஒரு பயிற்றுநர், ஈரத் துணி வாடை. இது ஒத்துவருமா என்று காசு கட்டுவதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். பாய் கட்டுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம், இடுக்கில் அடுத்தவர்மேல் எரிந்து விழாமல் இருப்பதுதான் பலருக்கு வருவதில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம், கொல்லங்கோடு, பாறசாலைப் பக்கத்தில் இப்போது இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பலரும் அபிலாஷ் டோமியைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். கேரளக்காரர், கடற்படை அதிகாரியாக இருந்தவர், 2012 நவம்பரில் மும்பையிலிருந்து தனியாகக் கிளம்பி எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் கடைசியில் திரும்பியவர். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் முதல் படிப்பில் உங்களை யாரும் கேப்டன் ஆக்கப்போவதில்லை. ஒரு வேலையைச் சொன்னால் இவர் ஒழுங்காகச் செய்துவிடுவார் என்று நம்பி முதுகைத் திருப்பிக்கொள்ளக்கூடிய ஆளாக ஆக்குவார்கள், அவ்வளவுதான். அந்த மனநிலையோடு போகிறவர்களுக்குத்தான் அந்த ஐந்து நாள் முழுசாகப் பயன்படுகிறது. தினமும் சுக்கானையே பிடித்துக்கொண்டு நிற்க நினைக்கிறவர்கள் கயிறு பிடிக்கவே தெரியாமல் வீடு திரும்புகிறார்கள்.

எந்தப் படிப்பு, எங்கே

உலகத்தில் பரவலாக நடப்பது பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன், அதாவது ஆர்ஒய்ஏ வகுத்த காம்பிடன்ட் க்ரூ, அதாவது படகில் கைவேலைக்குத் தகுதியான ஆளாக்குகிற படிப்பு. குறைந்தது ஐந்து நாள். முன் அனுபவம் எதுவும் வேண்டாம். ஒரு பயிற்றுநருக்கு ஐந்து மாணவர்களுக்குமேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஏஎஸ்ஏ என்ற பாய்ப்படகுப் பயிற்சி அமைப்பில் 101, 103, 104 என்று எண் போட்ட படிப்புகளாகப் படிப்படியாகப் போகும், அந்த மூன்றையும் ஒரே வாரத்தில் படகில் தங்கவைத்து முடித்துவிடுகிற பள்ளிகளும் உண்டு. ஆரம்பக்காரருக்கு ஒரு வாரத்தில் மூன்று சான்றிதழ் என்பது என் கணக்கில் அவசரம். சான்றிதழ் கிடைக்கும், கைக்குப் பழக்கம் வராது.

நம் நாட்டில் கிளப்புகளில் பெரும்பாலும் சொல்லித்தருவது டிங்கி, அதாவது ஒருவரோ இருவரோ ஓட்டும் சின்னப் பாய்ப்படகு. சென்னையில் 1911 முதல் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அப்படித்தான். கவிழ்ந்து நனைந்து படிக்கிற வித்தை அது. காற்றைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, முடிந்தால் ஒரு வாரம் டிங்கி பழகிவிட்டு யாட்டுக்குப் போங்கள். தங்கிப் படிக்கிற யாட் படிப்புக்குப் பலரும் வெளிநாடு போகிறார்கள். துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு அங்கேயே பள்ளிகள் உண்டு, லீவுக்கு ஊருக்கு வருகிற வழியில் முடித்துவிடலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள், ஓதத்தையும், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதையும் பாருங்கள். நம் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவில்தான், அதனால் அது நமக்குப் பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் சோலன்ட் என்ற நீரிணையில் பெரிய ஓத நாட்களில் நாலு மீட்டர்வரை ஏறி இறங்கும், நீரோட்டமும் பலமாக இழுக்கும். அங்கே படித்தால் எந்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதைக் கடல்தான் முடிவு செய்யும். கஷ்டம்தான், ஆனால் அங்கே பழகியவர்கள் எங்கே போனாலும் தடுமாற மாட்டார்கள். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு, வெயில் உண்டு, காற்று சில நாள் வரவே வராது. குளிரைக் கண்டாலே சுருண்டுகொள்கிற ஆளென்றால் ஏப்ரல் மாத இங்கிலாந்து வேண்டாம், கடல்தண்ணீர் அப்போது சுமார் 10 டிகிரிதான் இருக்கும்.

போவதற்கு முந்தைய மாதம்

காற்றை நம் கரையிலேயே பார்த்துப் பழகலாம், அதற்குக் காசு வேண்டாம். டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் கரையில் ஏதாவது ஒரு நாள் விடியற்காலையில் போய் நில்லுங்கள். நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் கரைக்காற்று முதுகில் படும். பதினோரு மணிவாக்கில் அது செத்துப்போய்க் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. மத்தியானம் தாண்டினால் கடலிலிருந்து காற்று ஏற ஆரம்பிக்கும், மூன்று நாலு மணிக்குச் சட்டையைப் பிடித்து இழுக்கும். நிலம் சீக்கிரம் சூடாகி மேலே போகும் காற்றின் இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது, ராத்திரி நிலம் சீக்கிரம் குளிர்ந்ததும் அதுவே திரும்பிவிடுகிறது. வகுப்பில் பலகையில் படம் போட்டுச் சொல்லப்போவதும் இதைத்தான்.

பாய் வைத்து வள்ளம் ஓட்டிய வயசாளிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். நீரோடியில் ஒரு தாத்தாவிடம், “பாய் எப்போ தளருது, எப்போ பெலக்குதுன்னு எப்படித் தாத்தா தெரியும்?” என்று கேட்டதற்கு, “பாயைப் பாத்தா தெரியாது மக்களே, தண்ணியப் பாரு, கறுத்து வருதில்லா, அதுதான் காத்து” என்றார். தூரத்தில் தண்ணீர்மேல் கறுப்பாகத் திட்டுத் திட்டாக நகர்ந்து வருவதுதான் காற்றின் வீச்சு. அது படகை எட்டுவதற்குள் கயிற்றைத் தளர்த்தத் தயாராகிவிடலாம். அதை எந்தப் பயிற்றுநரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஜூன், ஜூலையில் இந்த வேடிக்கையெல்லாம் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கே தடை. (கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் நடுவில் தொடங்கி ஒரு தடை, மேற்குக் கரைக்கு ஜூன் தொடங்கி இன்னொரு தடை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு காலண்டர்.) மார்ச்சிலிருந்து மேவரைகூட, காற்றே இல்லாத தெளிந்த நாளில் கள்ளக்கடல் ஏறும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடக்கும் புயலின் அலைதான் இங்கே வந்து புரளுகிறது, அதனால் வானத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிர் போனது அப்படித்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னறிவிப்பு தருகிறது. அதைத் தினமும் பார்க்கிற பழக்கத்தை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் கரையில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

யாட் எப்படி இருக்கும் என்றே பார்த்ததில்லை என்றால், குழித்துறையில் ரயிலேறி எறணாகுளம் போய் போல்காட்டித் தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மெரினாவை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். ஏறச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எந்தக் கயிறு எங்கே போகிறது என்று கரையில் நின்றே நிறையப் பார்க்கலாம்.

நீச்சல் கட்டாயமா என்றால், பல பள்ளிகள் கட்டாயம் என்று சொல்வதில்லை, லைஃப் ஜாக்கெட் தருவார்கள். என் கருத்து, ஐம்பது மீட்டராவது நீந்தத் தெரிந்துகொண்டு போங்கள். தண்ணீர் பயம் உள்ள ஆளுக்குப் படகு சாய்ந்ததும் காதில் எதுவும் ஏறாது.

மூன்று முடிச்சு வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். எட்டு முடிச்சு, கயிற்றின் நுனி துளை வழியாக ஓடிவிடாமல் இருக்க. பௌலைன், இறுகாத, எவ்வளவு இழுத்தாலும் பிறகு அவிழ்க்க முடிகிற வளையம். கிளவ் ஹிட்ச், கம்பியில் சட்டென்று கட்ட. இரண்டு மீட்டர் கயிறு ஒன்றை டிவி பக்கத்தில் போட்டு வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பௌலைன் போட வரும்வரை விடாதீர்கள், ஏனென்றால் அங்கே அதை நீங்கள் இருட்டில், நனைந்த கையோடு, குனிந்தபடி போட வேண்டிவரும்.

பையில் என்ன

சக்கரம் வைத்த சூட்கேஸ் கொண்டுபோகாதீர்கள். வைக்க இடமே இருக்காது, பயிற்றுநர் முகமும் மாறிவிடும். மடித்துச் சுருட்டி வைக்கிற துணிப்பை போதும். தடம் விழாத, வெளிர்நிற அடிப்பாகம் உள்ள ஷூ ஒன்று, சீக்கிரம் காய்கிற துணி, கண்ணாடி போட்டால் அதற்கு ஒரு கயிறு, தொப்பி, நெற்றியில் மாட்டுகிற டார்ச். அந்த டார்ச்சில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது, ராத்திரியில் வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் எல்லாருக்கும் கெட்டுவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மழைக்கோட்டைப் பெரும்பாலும் பள்ளியே கொடுக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாந்தி வரும். வராது என்று அடித்துச் சொல்கிறவர்களுக்குத்தான் முதலில் வரும். மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. நம் ஊரில் அவோமின் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், ஆனால் அது தூக்கத்தைக் கொடுக்கும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும்போதே ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வயிறு புரண்டால் கீழே அறைக்குள் போகாதீர்கள், மேலேயே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், சுக்கானைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டுகிறவருக்கு அவ்வளவாக வராது. வந்தே தீர்ந்தால் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்.

முதல் நாள்

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். லைஃப் ஜாக்கெட்டை உடம்புக்கு இறுக்கமாக அளவெடுத்து மாட்டுவது, தீயணைப்பான் எங்கே, ரேடியோவில் 16ஆம் சேனல் எதற்கு, ஆபத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று போகும். சலிப்பாக இருக்கும், தூங்கிவிடாதீர்கள். அடுப்பு விஷயத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறந்துவிடலாம், படகில் அது வெளியே போக வழியில்லாமல் அடித்தளத்தில் போய்த் தேங்கும். அதனால் சமைத்து முடித்ததும் சிலிண்டர் பக்கத்து வால்வையும் மூட வேண்டும், ஒவ்வொரு தடவையும்.

அடுத்தது கக்கூஸ். கையால் பம்ப் அடித்துக் கடல்தண்ணீரை உள்ளே இழுத்து, கழிவை வெளியேயோ தொட்டிக்கோ தள்ள வேண்டும். பம்பில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், ஒரு பக்கம் வைத்தால் தண்ணீர் வரும், மறுபக்கம் வைத்தால் காலியாகும். காலியாக்கி முடித்ததும் அதை அந்தப் பக்கமே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டே வரும். நீங்கள் தின்று செரித்ததைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது என்பார்கள், தலைமுடிகூட அடைத்துவிடும். அடைத்தவர்தான் பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்பது எல்லாப் படகிலும் எழுதாத சட்டம். நல்ல தண்ணீர் சில நூறு லிட்டர்தான், ஆறு பேருக்கு. நம் ஆட்கள் கழுவுகிற கழுவலுக்கு இரண்டு நாளில் தொட்டி காலி. பாத்திரத்தை முதலில் உப்புத்தண்ணீரில் தேய்த்துக் கடைசியில் மட்டும் நல்ல தண்ணீர் காட்டுங்கள்.

கயிறும் காற்றும்

இங்கேதான் நிதானம் வேண்டும். பாயை ஏற்றும் கயிறுக்கு ஹால்யார்ட், நம் கரையில் ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்து விடுகிற கயிறு ஷீட், அது தாமான். இரண்டு பெயரும் தெரிந்திருந்தால் நல்லது, அங்கே கூப்பிடப்போவது ஆங்கிலப் பெயரை.

கயிற்றைக் கையால் மட்டும் இழுக்க முடியாது, வின்ச் என்ற உருளையில் சுற்றி இழுப்பார்கள். எப்போதும் கடிகாரம் சுற்றுகிற திசையில், முதலில் இரண்டு சுற்று, பாரம் ஏறியதும் மூன்று நாலு. சுற்றும்போது கை முஷ்டியாக, சுண்டுவிரல் பக்கம் உருளையை நோக்கி இருக்க வேண்டும். விரலை நீட்டிக்கொண்டு சுற்றினால் கயிறு ஒரு நொடியில் விரலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு விரல் இருக்குமா என்பது சந்தேகம். தளர்த்தும்போது உள்ளங்கையைச் சுற்றின்மேல் தட்டையாக அழுத்தி, மறு கையால் அங்குலம் அங்குலமாக விடுங்கள். ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறிச் சிக்கிக்கொண்டால் பலத்தைக் காட்டாமல் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். மறைக்கிற ஆளைத்தான் பயிற்றுநருக்குப் பிடிக்காது.

எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேராகப் போகாது. காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ 45 டிகிரி செத்த இடம், அங்கே மூக்கைத் திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு படகு நின்றுவிடும். காற்றை எதிர்த்து ஒரு ஊருக்குப் போக வேண்டுமென்றால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். பாயை எவ்வளவு இழுப்பது? முன்விளிம்பு படபடக்கும்வரை தளர்த்துங்கள், பிறகு அது நிற்கும்வரை மட்டும் இழுங்கள், அந்த இடம்தான் சரி. புதியவர்கள் எல்லாரும் அதற்குமேல் இழுத்து வைத்துவிட்டு ஏன் வேகம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படகின் முன்பக்கத்தைக் காற்றின் ஊடாகத் திருப்புவது டேக். திருப்புகிறவர் “ரெடி அபௌட்” என்று கேட்பார், கயிற்றைப் பிடித்திருக்கும் இரண்டு பேரும் நிஜமாகவே தயாரான பிறகு “ரெடி” என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் சும்மா சொல்லிவிடாதீர்கள், “இல்லை, கொஞ்சம் நில்லுங்கள்” என்பதும் சரியான பதில்தான். பின்பக்கத்தைத் திருப்புவது ஜைப், அது வேறு மாதிரி. பாயின் அடியைத் தாங்கும் பூம் என்ற கம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மொத்த பலத்தோடு வீசிப் போகும். தலையில் பட்டு ஆள் செத்ததுண்டு. பின்காற்றில் போகும்போது நிற்கிற பழக்கமே வேண்டாம், பூம் எந்த நேரமும் வரும் என்று நினைத்துக் குனிந்தே நடங்கள்.

வள்ளத்தில் எஞ்சின் பிடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. கைப்பிடியை இடதுபக்கம் தள்ளினால் படகு வலதுபக்கம் போகும் என்பது அவர்கள் கைக்கே தெரியும், டில்லர், அதாவது சுக்கானைத் திருப்புகிற கைக்கம்பு வைத்த படகும் அப்படித்தான். கார் மட்டும் ஓட்டியவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

ஆள் விழுந்தால் செய்ய வேண்டியதைத் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். வாளியையும், படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடுகிற ஃபெண்டரையும் கட்டிக் கடலில் எறிந்துவிட்டுத் திரும்பப் போய் எடுக்கச் சொல்வார்கள். அதில் ஒருவருடைய வேலை, விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்பது மட்டும்தான். கண்ணை எடுக்கக் கூடாது, வேறு உதவிக்கும் போகக் கூடாது. அலைக்கு நடுவில் ஒரு தலை எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகிறது என்று பார்த்தால் ஏன் என்று புரியும்.

இரவு

பெரும்பாலும் ஒரு ராத்திரியாவது ஓட்டவைப்பார்கள். இடதுபக்கம் சிவப்பு, வலதுபக்கம் பச்சை, பின்னால் வெள்ளை, இதை வைத்து எதிரே வரும் படகு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லப் பழகுங்கள். வெள்ளைக்கு மேலே பச்சை தெரிந்தால் இழுவலைப் படகு, வெள்ளைக்கு மேலே சிவப்பு தெரிந்தால் வேறு வகை வலை போட்டவர்கள். இது புத்தகத்துச் சட்டம். நம் கரையில் சின்ன வள்ளங்கள் பல ஒரு டார்ச்சோடு நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே இங்கே ராத்திரி ஓட்ட நேர்ந்தால் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். ராத்திரியில் முறைவைத்து விழித்திருப்பார்கள், உங்கள் முறை வரும்போது ஐந்து நிமிஷம் முன்பே எழுந்து உடுத்துத் தயாராக மேலே வாருங்கள். தூக்கக் கலக்கத்தில் தாமதமாக வருகிற ஆளைப்போல மற்றவர்களுக்கு எரிச்சல் தருவது வேறு ஒன்றும் இல்லை. கடற்படை அதிகாரிகளான புதுச்சேரிக்காரர் ரூபாவும் கோழிக்கோட்டுக்காரர் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற படகில் கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்களே, இரண்டே பேர். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் அது ஒரு வாரம்கூட ஓடியிருக்காது.

முடிந்த பிறகு

கடைசி நாள் படகைக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், டீசல் நிரப்புவதும் சேர்த்து. சான்றிதழோடு லாக் புத்தகத்திலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை நாள், எத்தனை மைல், எத்தனை மணி இரவு என்று எழுதியிருக்க வேண்டும். கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அடுத்த படி, படகைத் தானே பொறுப்பேற்று ஓட்டக் கற்றுத்தருகிற டே ஸ்கிப்பர் செயல்முறைப் படிப்பு; அதற்குப் போக 5 நாள், 100 மைல், 4 மணி இரவு அனுபவம் எதிர்பார்ப்பார்கள். நல்ல பள்ளியாக இருந்தால் முதல் படிப்பிலேயே இதை எட்டவைத்துவிடுவார்கள், காசு கட்டும்போதே கேட்டு வையுங்கள். ஓதமுள்ள கடலில் படித்ததா இல்லாத கடலில் படித்ததா என்பதும் டே ஸ்கிப்பர் சான்றிதழில் பதிவாகும்.

இரண்டு படிப்பையும் அடுத்தடுத்த வாரத்தில் முடித்துவிடலாமா என்று கேட்பார்கள். முடிக்கலாம், நான் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு சீசன் யாராவது படகில் கயிறு பிடிக்கப் போங்கள். கிளப்புகளில் பந்தய நாட்களில் கை குறைவாக இருக்கும், கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள், காசும் கேட்க மாட்டார்கள், மத்தியானச் சாப்பாடு மட்டும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.